கன்னத்தில் ஒரு கண்

"ஐயோ மாமா! என் கல்யாணப் பொண்ணுக்குக் கன்னத்திலே கண் எழுதி வச்சிருக்கேளே!"

கத்தியே விட்டேன். பின்னே என்ன? சுண்டுவிரல் உயரம்தான் அந்தப் பொம்மை. கொலுவில் வைக்கிற கல்யாண செட். மாப்பிள்ளை, பொண்ணு, நாதஸ்வரக்காரர், சமையல்காரர் எல்லாம் உண்டு. மட்டாஞ்சேரி மழையில் பூஞ்சை பிடித்துச் சாயம் போய்விட்டது. புதுச் சாயம் பூசச் சொல்லிக் கனகாம்பாள் மாமியிடம் கொடுத்திருந்தேன்.

மாமியிடம்தான் கொடுத்தேன். அவள் ஆத்துக்காரர் நீலகண்டன் மாமாவிடம் இல்லை!

மாமா மிளகுக் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர். எர்ணாகுளத்துக்குப் போட் ஏறிப் போய் வாங்கி வந்த லென்ஸ் ஒரு கையில், பிரஷ் ஒரு கையில். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"வயசாயாச்சோல்லியோ சீதா! லென்ஸ் இல்லாட்டா ஒண்ணும் தெரியறதில்லை, கேட்டயோ?"

"லென்ஸ் இருந்தும் தெரியலையே மாமா!"

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தெருவில் எல்லார் ஆத்துப் பொம்மைக்கும் கனகாம்பாள் மாமிதான் கண் எழுதுவாள். மற்ற சாயமெல்லாம் காய்ந்த பிறகு, கடைசியில்தான் கண். கண் எழுதாத பொம்மையைக் கொலுவில் வைக்க முடியாது.

போன வருஷம் கங்கா ஆத்துக் கிருஷ்ணனுக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே ஆகிவிட்டது. அந்தப் புண்ணியவதி நாலு பேர் நடுவில், "ஏன் மாமி, எங்க கிருஷ்ணனுக்கு மாறுகண்ணா?" என்று கேட்டு வைத்தாள். அன்றைக்குப் பிரஷைக் கீழே போட்டவள்தான் மாமி.

"லென்ஸ் வச்சுண்டு எழுதிப் பாருங்கோளேன்" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன்.

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?" என்று சீறிய மாமி, அப்புறம் என்னிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருஷம் நான் கெஞ்சிக் கூத்தாடியதில், உடுப்புக்கு மட்டும் சாயம் பூசித் தருகிறேன், கண் எழுத மாட்டேன் என்று ஒத்துக்கொண்டாள். "கண்ணை நான் பார்த்துக்கறேன்" என்று மாமா குதித்தார். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது.

சமையலறையிலிருந்து மாமி வந்தாள். பொம்மையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள்.

"ராமா ராமா! ஏன்னா, உங்களை யார் இந்தக் காரியத்துக்கு அழைச்சா?"

"நீதான் எழுத மாட்டேன்னு பறஞ்சயே."

"அதுக்காக மத்தவா ஆத்துப் பொம்மையைப் பாழாக்கறதா? அந்த லென்ஸை இங்கே கொடுங்கோ!"

"உனக்கெதுக்கு லென்ஸ்? உன் கண்ணுக்குத்தான் ஒரு கேடும் இல்லையே!"

"எனக்கொண்ணும் வேண்டாம். நீங்க அப்பி வச்சிருக்கேளே, அதை எங்கேர்ந்து துடைக்கணும்னு பார்க்க வேண்டாமா?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். துணி நுனியை நனைத்துத் துடைத்தாள். துடைத்த கையோடு, மாமாவைத் திட்டிக்கொண்டே, அதே லென்ஸ் வழியாகப் பார்த்து இரண்டு கண்ணையும் எழுதி முடித்தாள். பொண்ணு வெட்கப்பட்டுக் கீழே பார்த்தது.

அப்பாடா என்று வந்தால், மறுநாள் நாதஸ்வரக்காரருக்கு நெற்றியில் கண்! அடுத்த நாள் மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் ஒட்டி ஒன்றாகிவிட்டது. தினம் மாமா கெடுப்பார். தினம் மாமி லென்ஸைப் பிடுங்கிச் சரிசெய்வாள். கொலு வைக்கிற அமாவாசைக்குள் செட் கைக்கு வருமா என்று நான் நாளை எண்ண ஆரம்பித்தேன். ஒரு மனுஷருக்கு இவ்வளவு வீம்பு ஆகுமா? தெரியாவிட்டால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

அமாவாசையன்று காலையில் போனேன். மாமி அம்பலத்துக்குத் தொழப் போயிருந்தாள். மாமாதான் மரப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். சமையல்காரர் முதற்கொண்டு அத்தனை பேரும் பளிச்சென்று என்னைப் பார்த்தார்கள். மாமி கை மாமி கைதான்.

சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மனுஷரை நாலு வார்த்தை கேட்காமல் போகக்கூடாது.

"மாமா, கோவிச்சுக்காதீங்கோ. அடுத்த வருஷம் நீங்க பிரஷைத் தொடப்படாது. டிரான்சிஸ்டர் இருக்கு, பாட்டுக் கேளுங்கோ. பாவம், மாமியை ஏன் இப்படிப் படுத்தறேள்?"

"செரி செரி" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புக்காகவே பெட்டி மூடியை ஓங்கிச் சாத்தினேன். மரச் சிலாம்பு ஒன்று விரலில் ஏறிவிட்டது. "ஆ!"

"அசையாதே!"

மாமா என் கையைப் பிடித்தார். பூணூலில் மாட்டியிருந்த ஸேஃப்டி பின்னைக் கழற்றினார். ஒரே நெம்பு. தலைமுடி மாதிரி ஒரு சிலாம்பு பின் நுனியில் வந்தது.

"அடியிலே இன்னொரு பொடி நிக்கறது, இரு" என்று அதையும் எடுத்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

லென்ஸ் அந்தக் கோடியில், மாமியின் சாயக் கிண்ணத்துப் பக்கத்தில் கிடந்தது. மாமா முகத்தில் மூக்குக்கண்ணாடிகூட இல்லை.

"மாமா... உங்களுக்குக் கண்ணு..."

"ஸ்ஸ்! மெல்ல!" அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "எனக்குக் கண் நன்னாத் தெரியறதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அப்போ லென்ஸ் யாருக்குன்னு கேட்பா. மறுபடியும் பிரஷைத் தூக்கிப் போட்டுடுவா. இந்த ஒரு வருஷமா அவ உட்கார்ந்திருந்த இருப்பை நீ பார்க்கலை, சீதா."

வாசல் கதவு சத்தம் போட்டது. மாமி பிரசாதத்தோடு உள்ளே வந்தாள்.

"என்னடி சீதா, என்ன சொல்றார் இவர்?"

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். அப்புறம் குரலில் எவ்வளவு எரிச்சலை வரவழைக்க முடியுமோ அவ்வளவையும் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

"என்னத்தைச் சொல்ல மாமி! அடுத்த வருஷம் என் தசாவதார செட்டுக்கும் இவரே கண் எழுதறாராம்!"

"எழுதுவார், எழுதுவார்!" மாமி விறுவிறுவென்று போய் லென்ஸை எடுத்துத் தன் சாயப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "இனிமே இது இவர் கைக்குக் கிடைச்சாத்தானே!"