கோதண்டம் வீட்டுப் படி

"எவன்டா அது? என் படி மேல கைய வெச்சுப் பாரு!"

கோதண்டம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். எதிரே கான்கிரீட் உடைக்கிற மிஷினோடு மாநகராட்சி ஆட்கள்.

திருவொற்றியூரில் அந்தச் சந்து திரும்புகிற முனையில் அவர் வீடு. பிளானில் முன்பக்கம் காலியாக விடுவதாகக் காட்டிய இடத்தில் மாடிப்படி கட்டினார். அதுவும் போதாதென்று கடைசி மூன்று படிகளைச் சந்துக்குள்ளேயே இறக்கியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், தன் கையாலேயே டைல்ஸ் ஒட்டிய படி. பைக்கைத் துடைக்கிற மாதிரி தினமும் அதைத் துடைப்பார்.

"நோட்டீஸ் குடுத்து டைம் முடிஞ்சிருச்சு சார். வீடு யார் பேர்ல இருக்கு?" என்றார் உதவிப் பொறியாளர்.

"என் பேர்லதான் சார்." உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி யசோதரா. "நீங்க உங்க வேலைய பாருங்க."

பாவம், அதிர்ச்சியில் இடிக்கவே சொல்லி உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் கோதண்டம்.

மதியத்துக்குள் படி இருந்த இடத்தில் ஜல்லிதான் மிச்சம்.

இந்தப் பேட்டையில் ஒரு அடியாவது இழுத்துக் கட்டாத வீடு எது? தன் வீட்டை மட்டும் போட்டுக்கொடுத்தது யார்? மிஷின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து நைசாகக் கேட்டார்.

"மளிகைக் கடை ராசையா நம்பர்லேர்ந்துதான் கம்ப்ளெய்ண்ட் வந்துச்சாம். நான் சொன்னேன்னு சொல்லிடாத நைனா."

அடுத்த வீட்டு ராசையா! தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுகிறவர்.

கோதண்டம் கடை வாசலில் நின்று, சந்தே கூடி வேடிக்கை பார்க்கும்படி கிழித்தெடுத்தார்.

"ஏன்யா அண்ணாச்சி, உனுக்கு நான் இன்னாய்யா துரோகம் பண்ணேன்? உன் கடைக்கு மூட்டை வண்டி வரணும்னு என் படிய ஒடச்சிட்டியே, நல்லா கீதா?"

ராசையா துவரம் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார். "நான் என்னத்தச் சொல்லுதது? ஏசணும்னா ஏசிக்கிடுங்கண்ணே."

மறுத்து ஒரு வார்த்தை இல்லை. கோதண்டத்துக்கு அது போதும்.

மாடிக்கு வழி வேண்டுமே? புதுப் படி வீட்டுக்குள்ளே வந்து யசோதராவின் சமையலறையில் பாதியை விழுங்கியது. அவள் குனிந்தபடிதான் தாளிக்க வேண்டும். அவள் தலை இடிக்கும்போதெல்லாம் இவர் ராசையாவின் வம்சத்தையே வம்புக்கு இழுப்பார். ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றாலும் வீம்புக்குத் தேரடிக் கடை வரை நடந்தார்.

"போதும் வுடுய்யா," என்பாள் யசோதரா.

ஒரு நாள் சாயங்காலம் சந்துக்குள் ஹாரன் சத்தம் கேட்டது. பிரசவமான தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விடுகிற அரசாங்க வண்டி. முனையில் சுளுவாக வளைந்து, கடைசி வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த வீட்டுச் செங்குட்டுவனின் மனைவி மகிழினி கைக்குழந்தையோடு இறங்கினாள்.

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது.

போன மழைக்காலத்தில் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றோடு ஏதோ ஒரு நெடி வந்து, மகிழினி மூச்சுத் திணறி விழுந்தபோது ஆம்புலன்ஸ் இதே முனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. வாயும் வயிறுமாக இருந்தவளை மீன்பாடி வண்டியில் கிடத்தி மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். "இன்னா ரோடு போட்டு வச்சிக்கிறானுங்கோ!" என்று மாநகராட்சியைத் திட்டிக்கொண்டே முதல் ஆளாகத் தள்ளியவர் நம் கோதண்டம்தான். மறித்தது தன் வீட்டுப் படி என்பது அன்றைக்கு அவர் மண்டையில் ஏறவில்லை.

இப்போது ஏறியது. நேரே கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்சுல வச்சிக்காத. நீ செஞ்சதுதான் கரீட்டு. மவராசன்யா நீ!"

ராசையா சங்கடமாகச் சிரித்தார். "அந்தப் பேரு எனக்கு வேண்டாம்ணே. போன்தான் என்னோடது. புகார் சொன்னது நான் இல்ல. ஒருத்தங்க கேட்டாங்க, பேசுங்கன்னு போனைக் குடுத்தேன்."

"யாரு அது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அத்தினி பேர் எதிர்ல உன்ன அசிங்கப்படுத்தினேனே, அப்பக்கூட வாயத் தொறக்கலியே!"

"உங்க சத்தம் தாங்கலன்னா நான் கடைக் கதவைச் சாத்திக்கிடுவேன். அவங்க எங்கண்ணே போவாங்க?"

இப்படியும் ஒரு மனுஷனா! கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னதன் அர்த்தம்தான் விளங்கவில்லை.

வீட்டில் யசோதரா படிக்குக் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மே, கம்ப்ளெய்ண்ட் குடுத்தது அண்ணாச்சி இல்லியாம். எவனோ ஒரு நல்ல மன்சன் பண்ண வேலை. அந்தப் புள்ள வூட்டாண்டயே வந்து எறங்குச்சு பாரு! யாருக்கு டாங்க்ஸ் சொல்றதுன்னே தெரில."

யசோதரா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"படிய உள்ள எடுய்யான்னு உன்னாண்ட எத்தினி தபா சொன்னேன், கேட்டியா? என் வூட்டுப் படிய இடிக்கச் சொல்ல வேற எவன்யா வரணும்? தட்ட எடுத்துகினு வா... பாத்து, குனிஞ்சி வா."