தழும்புக்குச் சந்தனம்

எங்கள் மடத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் தடுப்பூசி போட்டுக்கொண்டதில்லை. சாமியின் தீர்த்தம் இருக்கும்வரை யமனே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பான். சாமி எங்கிருந்தோ வந்தவர். அவருடைய இடது தோளில் அம்மன் கட்டைவிரலால் அழுத்திய வட்டத் தழும்பு ஒன்று உண்டு. தினமும் அதற்குச் சந்தனம் வைத்து, தண்ணீர் ஊற்றுவோம். வழிகிற தீர்த்தத்துக்கு நடக்கும் தள்ளுமுள்ளில் பல் போனவர்களை வைத்தே ஒரு ஊர் கட்டலாம். வெளியூரிலிருந்து மருமகளாக வந்த பரிமளம், வெறிநாய் கடித்த மகளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள்.

"சாமி, ஆஸ்பத்திரிக்கு உத்தரவு குடுங்க. ஊசி போட்டா புள்ள பொழச்சுக்கும்."

"என் தோளப் பாத்துமா ஊசி கேக்குற?"

"அதுவே சின்ன வயசுல போட்ட ஊசித் தழும்புதான் சாமி. எனக்கும் இருக்கு."

ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். அதே இடம், அதே வட்டம். முதலில் காலில் விழுந்தது அவள் மாமியார்தான். "தாயே, தெரியாம உன்னைப் பாத்திரம் தேய்க்க வச்சுட்டேனே." பிறகு எல்லோரும் விழுந்தோம். சாமி சிரித்தபடி நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்; அவளை அங்கே உட்காரவைத்தோம். அவள் எழ முயன்றபோதெல்லாம் நூறு பேர் காலைப் பிடித்துக்கொண்டோம். தெய்வம் படியிறங்கினால் ஊருக்கு ஆகாது. கடிவாயும் ஆறியது, கூத்தாடினோம். சில வாரம் கழித்து, இன்று காலை, அவள் தோளில் வழிந்த தீர்த்தத்தை டம்ளரில் பிடித்து முதலில் மகளிடம்தான் நீட்டினோம். தண்ணீரைக் கண்டதும் குழந்தை அலறி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதுக்கு வேணாம்னா இங்க தள்ளுங்கப்பா," என்றார் வரிசையில் நின்றவர்.