பொருந்தாத கையெழுத்து

“கையெழுத்து பொருந்தவில்லை” என்ற சிவப்பு முத்திரையைத் தற்காலிகம் ஓங்கிக் குத்தினார். மேசையே ஒரு முறை அதிர்ந்தது.

தேர்தல் அலுவலகத்தில் தபால் ஓட்டு உறைகளைச் சரிபார்க்க மூன்றே வாரத்துக்கு எடுத்த ஆள் என்பதால் அவருக்குத் ‘தற்காலிகம்’ என்றே பெயர். உறை மேல் வாக்காளர் போட்ட கையெழுத்தை மறைத்து ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துக் கூடையில் போட வேண்டும், கையெழுத்தைப் பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த உறையின் பட்டையை மட்டும் என்ன நினைப்பிலோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து மேசைக்காரி முகவரியை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள். “ஐயோ, இது நாலாவது வார்டு வேட்பாளரோட சம்சாரம்! போன தடவை ரெண்டே ஓட்டுல தோத்த ஆளு. ஏங்க இப்படி வம்பை விலை கொடுத்து வாங்கறீங்க?”

“பொருந்தலைன்னா பொருந்தலைதான். அந்தம்மா நேர்ல வந்து கையெழுத்து போடட்டும். விதி அப்படித்தானே சொல்லுது?”

நோட்டீஸ் போன மூன்றாம் நாள், வேட்பாளர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். “எவன்டா என் பொண்டாட்டி ஓட்டைச் செல்லாதுன்னவன்?”

“நான்தாங்க. செல்லாதுன்னு சொல்லலை. அவங்க ஒரு தடவை நேர்ல...”

சொல்லி முடிப்பதற்குள் மேசையிலிருந்த ஸ்டேப்ளர் அவர் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் மூக்குக் கண்ணாடியில் வழிந்து பார்வையை மறைத்தது. வேட்பாளர் சட்டைக் காலரைப் பிடித்து மேசைக்கு மேலாகவே இழுத்துத் தரையில் போட்டு, விலாவில் மாறி மாறி உதைத்தார். அடிபட்ட எவனும் முகத்தைத்தான் மறைப்பான். இந்த மனிதர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். பேனா உடைந்துவிடும் என்ற கவலை போலிருக்கிறது!

“என் கண்ணு முன்னால அவ போட்ட கையெழுத்துடா அது!”

“இருக்கலாங்க. ஆனா அவங்கதான் வரணும்.”

வேட்பாளர் குனிந்தார். தற்காலிகத்தின் வலது கையை இழுத்து, திறந்திருந்த இழுப்பறைக்குள் திணித்து, காலால் ஓங்கி உதைத்து மூடினார். விரல் முறிந்த சத்தம் கடைசி மேசை வரை கேட்டது. பக்கத்து மேசைக்காரி காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

“இப்ப பொருந்துதா?”

தற்காலிகம் பல்லைக் கடித்துக்கொண்டார். “இல்லைங்க.”

காவலாளியும் மேலதிகாரியும் ஓடி வந்து ஆளை வாசலுக்குத் தள்ளினார்கள். தரையில் கிடந்தவர் வாயை மூடிக்கொண்டு கிடக்கலாம் அல்லவா? “நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைதாங்க டைம்! அம்மா வரலைன்னா ஒரு ஓட்டு போச்சு!” என்று கத்தினார்.

மேலதிகாரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “மூணு வார வேலைக்கு எதுக்குய்யா உசிரைக் கொடுக்கறே? பொருந்துதுன்னு ஒரு டிக் அடிச்சுத் தொலைச்சா என்ன? அவன் மேல புகார் கொடுத்தாலும் ராத்திரிக்குள்ள ஜாமீன்ல வீடு போய்ச் சேர்ந்துருவான்.”

“அது தெரிஞ்சுதான் சார் புகார் வேண்டாங்கறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்னை வேலையில வெச்சுக்குங்க. அப்புறம் நீங்களே அனுப்பிடுங்க.”

இப்படியும் ஒரு பிடிவாதமா? கேட்கிற நமக்கே இன்னொரு அறை விடலாம் போலிருக்கிறது.

மறுநாள் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது வேட்பாளர் வந்தார். மனைவியைப் புஜத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய உடை, வீங்கிய உதடு, தரையைவிட்டு நிமிராத பார்வை.

“இந்தா, கூட்டிட்டு வந்துட்டேன்.” பிறகு அவள் பிடரியைக் கவ்விப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படியே ரகசியம் பேசினார். “ஒரு கோடு கோணலாச்சு, அவன் விரலுக்கு ஆனதுதான் உன் விரலுக்கும்.”

தற்காலிகம், கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் உள்ளறைக் கதவைத் திறந்தார். “அம்மா மட்டும் வரலாம். வேட்பாளர் உள்ளே வரக் கூடாதுங்க. அதுவும் விதிதான்.”

வேட்பாளர் கையை ஓங்கினார். காவலாளி குறுக்கே வந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். போன தடவை தோற்ற அந்த இரண்டு ஓட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு கெட்ட வார்த்தையைத் துப்பிவிட்டு, வேட்பாளர் அவளை உள்ளே தள்ளினார்.

தற்காலிகம் கதவைச் சாத்தி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். “எந்த இடத்துல போடணும்?”

அறையின் மூலையிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, அந்தப் பேனாவை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கினார். பின்பக்கக் கதவைத் திறந்தார். வெளியே ஒரு ஜீப் உறுமிக்கொண்டு நின்றது.

“ஏறுங்கம்மா. இனி அவன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிடலாம். வெளியில இருக்கறவனை எங்க ஆளுங்க பார்த்துப்பாங்க.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜீப்பையும் தற்காலிகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ... என் கையெழுத்து?”

தற்காலிகம் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதப் பட்டையை எடுத்து, அதன் உட்புறத்தில் அவள் நுணுக்கி எழுதியிருந்த ‘என்னைக் காப்பாத்துங்க’ என்ற வரியைக் காட்டினார். “அது முதல்லயே சரியாத்தாம்மா இருந்துச்சு.”