எடுக்க மறந்த டிக்

"அப்பா, இன்னைக்கும் ஆபீஸ் செட்டிங்கை எடுக்காம வந்துட்டீங்க! ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது" என்று கூடத்திலிருந்து கத்தினாள் மகள்.

அவர் ஆபீஸுக்கும் சொந்த லேப்டாப்பைத்தான் எடுத்துப் போவார். அங்கே ப்ராக்ஸி என்ற ஆபீஸ் நெட் செட்டிங்கை டிக் செய்தால்தான் பிரவுசர் ஓடும். வீட்டு வைஃபையில் அந்த டிக்கை எடுத்தால்தான் ஓடும். எடுக்க மறப்பது அவர் வழக்கம். திட்டிக்கொண்டே எடுப்பது மகள் வழக்கம்.

"தலைக்கு மேல வேலைம்மா, மறந்துட்டேன்" என்றார், முகத்தைத் துடைத்தபடி. அவளை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"பாவம், அவரும் எத்தனையைத்தான் ஞாபகம் வச்சுக்குவாரு" என்று டீயை நீட்டினாள் மனைவி.

அவர் டீயை வாங்கிக்கொண்டார். அந்த டிக்கை அவர் போட்டே பல நாளாகிவிட்டது. தினமும் அது எப்படித் திரும்பி வருகிறது?

மறுநாள் மாலை லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, ஓசைப்படாமல் வந்து எட்டிப் பார்த்தார்.

மனைவி டிக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"மெதுவா பேசுங்க. முதல் நாள் டிக் இல்லாம வந்தப்பவே உங்க வேலை போனது எனக்குப் புரிஞ்சிடுச்சு. அவளுக்கும் புரிஞ்சிடக் கூடாதுல்ல?"

மனைவி லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும் நானே போட்டுடுறேன். போய்க் குழாயை மூடுங்க, தண்ணி வீணாப் போகுது."