வெளுத்த தாலி

உங்கள் வீட்டு மருமகளின் கழுத்துத் தாலி ஒருநாள் தானாகவே வெளுத்துப் போனால், நீங்கள் முதலில் யாரைச் சந்தேகிப்பீர்கள்? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவளைத்தானே?

நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஒன்றில் வாழ்ந்த கஸ்தூரியம்மாளும் அப்படித்தான் தம் மருமகள் செந்தாமரையைச் சந்தேகித்தார்.

குளித்துவிட்டு வந்தவளின் மார்பில் பொன் மினுங்கவில்லை. ஈயம் போல ஏதோ மினுங்கியது.

"இன்னாடி இது, தாலி வெளுத்துக் கெடக்கு?"

"தெர்மல் பிளான்ட்டு சாம்பலா இருக்கும் அத்தை. கொடியில காயப்போட்ட துணி மேலல்லாம் படியுதே."

புடவைத் தலைப்பால் துடைத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். வெளுப்பு போகவில்லை. சில நாட்களில் அது தாலிக் குண்டுகளுக்கும் பரவியது.

அதே சமயத்தில்தான் அவளுடைய கைக்குழந்தையின் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் சிவக்கத் தொடங்கின.

"ரோசாப்பூவாட்டம் இருக்குதுங்க புள்ள கையி!" என்று கொஞ்சினாள் பக்கத்து வீட்டுத் தனம். முத்தமிடக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். குழந்தையின் தோல் செதிலாக உரிந்து அவள் விரலில் ஒட்டியிருந்தது.

குழந்தை அழுது ஓய்ந்த பிறகும் உறங்குவதில்லை. வியர்வையில் நனைந்து, கண்களை அகலத் திறந்து, யாரும் நிற்காத மூலையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பண்ருட்டி நகைக்கடையில் தாலியை உரைத்துப் பார்த்தார்கள். "பொன்னுல கொறையில்லம்மா. பாதரசம் ஏறியிருக்கு" என்றார்கள்.

கஸ்தூரியம்மாள் தம் மோதிரத்தைத் தடவிப் பார்த்தார்.

"என் மோதிரம் மஞ்சளாத்தான் இருக்கு. அன்புமணி மோதிரமும் மஞ்சளாத்தான் இருக்கு. இவ கழுத்துல மட்டும் பாதரசம் எப்பிடி ஏறும்? இவளுக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்க!"

அன்புமணி அவருடைய மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. மோதிரத்தோடு அங்கே போக முடியாது என்பதால் அது பீரோவிலேயே கிடந்தது.

மாமியார் மந்திரிக்கக் கிளம்பினார். செந்தாமரையோ பிடிவாதமாகக் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போனாள். கஸ்தூரியம்மாளும் அன்புமணியும் பின்தொடர்ந்தார்கள்.

டாக்டர் குழந்தையின் கைகளைப் பார்த்தார். பிறகு தாலியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"வீட்டுல யாராவது செவப்பாகறதுக்குக் கிரீம் பூசறீங்களா?"

கஸ்தூரியம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சில கிரீம்ல பாதரசம் கலக்கறாங்க. அது பூசினவங்களோட நிக்காது. துண்டு, தலையணை, கன்னத்தோட கன்னம், எல்லா வழியாவும் குழந்தை உடம்புல ஏறும். கிட்னி கெடும், நரம்பு கெடும். டெஸ்ட் எழுதித் தரேன். ஆனா இன்னிக்கே அதை நிறுத்தியாகணும். நிறுத்தினா காப்பாத்திடலாம்."

வீடு திரும்பியதும் கஸ்தூரியம்மாள் பாத்ரூம் பரணில் இருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டார். பழைய பக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பா உருண்டது. அதில் தயாரித்தவர் பெயரும் இல்லை, என்ன கலந்தது என்ற விவரமும் இல்லை.

"யாருது இது?"

அன்புமணி தரையைப் பார்த்தான்.

"என்னுதுதான் அத்தை" என்றாள் செந்தாமரை.

"ஒன் மினுக்குக்கு எம்பேரன் உசுருதான் கெடச்சுதா?"

அன்று மாலையே முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அவள் அப்பா ராஜாங்கம் வரவழைக்கப்பட்டார்.

"ஒங்க பொண்ணக் கூட்டிக்கினு போங்க சம்பந்தி. வெஷத்தப் பூசுனவகிட்ட புள்ள இருக்கக் கூடாது. அவன் இங்கியே இருக்கட்டும். அப்பன் மார்ல படுத்தாத்தான் அவன் கொஞ்சமாவது அடங்கறான்."

ராஜாங்கம் தலை குனிந்தார். "ஏம்மா இப்பிடிப் பண்ண? ஒன்ன யாரு கறுப்புன்னு சொன்னது?"

"என்ன யாரும் சொல்லலப்பா."

வாசலில் ஆட்டோ நின்றது. அவள் பெட்டி ஏறிவிட்டது. குழந்தையை வாங்க அன்புமணி கைகளை நீட்டினான். தகப்பனைக் கண்டதும் குழந்தை, தோல் உரிந்த சிவந்த கைகளால் அவன் கன்னத்தைத் தொடத் தாவியது.

செந்தாமரை சடாரெனப் பின்வாங்கினாள். பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"'மாப்பிள்ளைய மைன்ஸ்ல தோண்டி எடுத்தீங்களா'ன்னு எங்க சனம் கல்யாணத்துல சிரிச்சிது. மறுபடியும் ஒங்களப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான் இத்தினி நேரம் வாயத் தொறக்காம இருந்தேன்" என்றாள். "இனிமே முடியாதுங்க. மொதல்ல போயி மூஞ்சியக் கழுவிக்கினு வாங்க. அப்பறம் புள்ளையத் தொடுங்க."

கஸ்தூரியம்மாள் அப்போதுதான் மகனை நிமிர்ந்து பார்த்தார். கழுத்துவரை அவர் பெற்ற நிறம். அதற்கு மேலே, அவர் பெறாத ஒரு வெளுப்பு.

அன்பர்களே, ஒருவர் நிறத்தைச் சொல்லிச் சிரிக்கும் வாய், ஒரு தொட்டில்வரை நஞ்சை அனுப்பும். அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள். உங்கள் வீட்டு அலமாரியையும் திறந்து பாருங்கள். தயாரித்தவர் பெயரும் கலவை விவரமும் இல்லாத கிரீம், மெர்க்குரி என்றோ கலோமெல் என்றோ பாதரசத்தின் பெயர் எழுதிய கிரீம், டாக்டர் எழுதித் தராத ஸ்டீராய்டு கிரீம், எது இருந்தாலும் இனி ஒரு துளியும் பூசாதீர்கள். இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே, இப்போதே, உங்கள் குழந்தையை அடுத்த முறை தூக்குவதற்கு முன்பே.