பாறையின் பாட்டுப்பெட்டி

வெளுத்துச் செத்த பவளப்பாறைக்கு மீன்களைத் திரும்ப அழைக்க, உயிருள்ள பாறையின் சத்தத்தைக் கடலடியில் பெட்டி வைத்து ஒலிக்கவிட்டிருந்தார்கள். கடுகு வெடிப்பது போல ஓயாத படபடப்பு அது. தூத்துக்குடியிலிருந்து முக்குளிக்கப் போகும் படகுகளுக்கு ஒரே நிபந்தனை: முதலில் இறங்குகிறவர்கள், ஓய்ந்து கிடக்கும் பெட்டிக்குப் புது பேட்டரி மாட்ட வேண்டும்.

கல்லூரித் தோழர்கள் மூன்று பேர் ஒரு வாரம் படகிலேயே தங்கினோம். தினமும் மூன்று முறை இறங்கி, அந்தப் படபடப்புக்கு நடுவே கிளிமீன்களோடு நீந்தினோம்.

ஏழாம் நாள் மூட்டை கட்டும்போது, பியூலாவின் துண்டுக்குள்ளிருந்து அந்தப் புது பேட்டரி உருண்டு விழுந்தது.

"ஏட்டி, நீ மாட்டலையா?" என்றேன்.

"நீ மாட்டிட்டேன்னுல்லா நெனச்சேன்!"

முதல் நாள் கசாலி வாந்தியெடுத்த அமளியில் நடந்த கூத்து. தப்பு யாருடையது என்ற சண்டை எங்களுக்குள் இன்றுவரை தீரவில்லை. படகோட்டி டெரன்ஸ் அண்ணன் ஒன்பது வருடமாக அந்தப் பெட்டியைக் காத்தவர். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கசாலிதான் மெதுவாகக் கேட்டான்: "அப்ப இந்த ஒரு வாரமா நாம கேட்டது என்னது?"

டெரன்ஸ் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். படகின் அடித்தட்டில் காதை ஒட்டிப் படுத்தவர் வெகுநேரம் எழவேயில்லை. எழுந்தபோது கன்னமெல்லாம் எண்ணெய்க் கறை, வாயெல்லாம் சிரிப்பு.

"அந்த பேட்டரியப் பத்திரமா வைங்க," என்றார். "அடுத்த தீவுப் பாறை இன்னும் ஊமையாத்தான் கெடக்கு."