ஏழாம் மேஜை

நூலகர் காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்துவிட்டு, இருப்புக்கொள்ளாமல் நிற்கிறாள். மேஜைகளுக்கடியில் உறுமிக்கொண்டிருந்த இருபது கணினிப் பெட்டிகளும் நேற்றோடு போய்விட்டன. திரைகளுக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் சின்னப் பெட்டிகள் பச்சையாகக் கண் சிமிட்டுகின்றன. ஆராய்ச்சி மாணவி, வாசலில் ஒட்டிய அறிவிப்பை ஏறெடுத்தும் பார்க்காமல், வழக்கம்போல ஏழாம் மேஜைக்கு ஓடுகிறாள். 'தொடாதீர்கள், என் மூன்றாம் அத்தியாயம் இதில் இருக்கிறது' என்று அவள் ஒட்டிய சீட்டு திரையோரத்தில் அப்படியே இருக்கிறது. குனிகிறாள். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத சதுரம் மட்டும். "மேடம், என் பெட்டி எங்க? அதுலதான எல்லாம் இருக்கு!" நூலகர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். "எல்லாத்தையும் சர்வருக்கு, உள்ள இருக்குற ஒரே பெரிய கம்ப்யூட்டருக்கு, மாத்தியாச்சும்மா. எங்க வேணா உக்காரு, உன் பேரைப் போட்டுப் பாரு." ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடிக்கிறாள். மூன்றாம் முறை திரை விரிகிறது. அத்தியாயத்தைத் திறந்தால், பாதியில் விட்ட வாக்கியம் அப்படியே நிற்கிறது. எழுந்து அடுத்த மேஜைக்கு ஓடுகிறாள். அங்கேயும் பெயரைப் போட்டால் அதே வாக்கியம், அதே இடத்தில் துடிக்கும் கோடு. "மேடம், கூடவே வருது!" என்று கத்துகிறாள். சத்தம் போடாதே என்று சொல்ல வேண்டிய நூலகரே கைதட்டுகிறாள். அந்த ஏழாம் மேஜைக்காக இரண்டு வருடமாக இவளோடு மல்லுக்கட்டிய தோழி வாசலில் திகைத்து நிற்கிறாள். மாணவி போய் சீட்டை உரித்துக் கசக்குகிறாள், நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "வாடி, உக்காரு."